மைனஸ் 25-இலேயே நமக்கு விரல் மரத்துப் போகிறது, மைனஸ் 80-இல் ஒரு வருடம் எப்படி இருக்கிறார்கள்?

குளிரறைக்காரன் | சனி, இரவு 9:48

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். உறைந்த இறால், பிரேசில் கோழி, தீபாவளி நெருங்கினால் ஆட்டிறைச்சி என்று பெட்டி பெட்டியாக வரும், போகும். உள்ளறை மைனஸ் 25 டிகிரி. தடித்த ஜாக்கெட், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை, காதை மூடும் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு போனாலும் இருபது நிமிடத்தில் விரல் நுனி மரத்துவிடும். முதலில் விறைப்பது மூக்கு முடி. பார்கோடு ஸ்கேனர் வெளியே ஒரு நாள் முழுக்க ஓடும், உள்ளே கொண்டுபோனால் மத்தியானத்துக்குள் பேட்டரி செத்துவிடும். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும். ஒரு நிமிடம் குருடன்தான்.

மகன் உயர்நிலை இரண்டு. புவியியல் ஒப்படைப்புக்குத் தென்துருவ ஆய்வு நிலையங்களை எடுத்திருக்கிறான். ரஷ்யாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி பதிவானதாம். "உங்க கிடங்கைவிட மூன்றரை மடங்கு குளிர்ப்பா" என்கிறான். மைனஸுக்கு மடங்குக் கணக்குப் போடக்கூடாதுடா என்று அதட்டினேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே எப்படித்தான் இருக்கிறார்கள்? எதற்கு இருக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா_வாசி | சனி, இரவு 10:05

எதற்கு என்பதுதான் சரியான கேள்வி. பெரிய நாடுகள் கொடி நட்டு வைக்கும் இடம் அது. வருடத்துக்கு நாலு பேர் போய் பெங்குவினை எண்ணிவிட்டு வருவார்கள். பெங்குவின் பார்க்கணும்னா மண்டாய் பறவைப் பூங்காவுக்குப் போனால் போதும் லா.

ஓய்வு_ஆசிரியை | சனி, இரவு 10:31

தேக்கா வாசி, வோஸ்டாக்கிலும் தென்துருவத்திலும் எண்ணுவதற்குப் பெங்குவின் கிடையாது. அவை கரையோரத்தில்தான். உள்நாட்டில் பாசி முளைக்கக்கூட வழியில்லை.

குளிரறைத் தம்பிக்கு: அங்கே குளிர் இவ்வளவு மோசமாக இருப்பதற்கு ஒரு காரணம் உயரம். அமெரிக்காவின் அமுண்ட்சன்-ஸ்காட் நிலையம் சரியாகத் தென்துருவத்தில் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர். மலைமேல் என்று நினைக்காதீர்கள், அந்த உயரம் ஏறக்குறைய முழுவதும் பனிதான். வோஸ்டாக் இன்னும் மேலே, 3,488 மீட்டர். ஊட்டியைவிட உயரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே வேலை. மார்ச்சில் மறையும் சூரியன் செப்டம்பரில்தான் திரும்ப எழும். பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பிவிட்டால் அக்டோபர் கடைசி வரைக்கும் பொதுவாக யாரும் வர முடியாது. நாற்பதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் உள்ளே இருப்பார்கள்.

மாணவர்கள் ஒருவரும் எதிர்பார்க்காத விஷயம், அது பாலைவனம் என்பது. தென்துருவத்தில் வருடம் முழுக்க விழும் பனியை உருக்கினால் ஒரு சாண் தண்ணீர்கூடத் தேறாது. குடிக்கவும் குளிக்கவும் பனியின் அடியில் வெந்நீரைச் செலுத்தி, குடம் மாதிரி ஒரு குழி உருக்கி, அதிலிருந்து தண்ணீர் இறைக்கிறார்கள். உருக்க எரிபொருள் வேண்டும், எரிபொருள் வெளியிலிருந்து வரவேண்டும். அதனால் வாரத்துக்கு இரண்டு குளியல், தடவைக்கு இரண்டு நிமிடம்.

துவாஸ்_பட்டறை | சனி, இரவு 11:12

இரண்டு நிமிடக் குளியலா? என் வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். யாரும் தேறமாட்டார்கள்.

என் பங்குக்கு இரும்பைப் பற்றிச் சொல்கிறேன். நான் கப்பல் பட்டறையில் வெல்டிங் பரிசோதகர். நம் ஊரில் பனியுடைப்புக் கப்பல் கட்டியிருக்கிறார்கள் தெரியுமா? 2008-இல் கெப்பல் சிங்மரீன் ரஷ்யாவின் லூகாயில் நிறுவனத்துக்கு இரண்டு கட்டிக் கொடுத்தது. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், வேர்வை வழிய வழிய, ஆர்க்டிக் கடலுக்கான கப்பல்!

குளிரில் மனிதன் நடுங்குவான், இரும்பு உடையும். சாதாரண எஃகு ஓர் அளவுக்குக் கீழே குளிர்ந்தால் வளைவதை விட்டுவிட்டுக் கண்ணாடி மாதிரி சட்டென்று போய்விடும். இதற்குச் சார்ப்பி என்று ஒரு சோதனை உண்டு. 10 மில்லிமீட்டர் சதுரம், 55 மில்லிமீட்டர் நீளத்தில் சின்னத் துண்டு வெட்டி, நடுவில் வி வடிவத்தில் ஒரு கீறல் போட்டு, உலர்பனி கலந்த ஆல்கஹாலில் முக்கிக் குளிரவைப்பார்கள். இடுக்கியால் எடுத்த சில நொடிக்குள் இயந்திரத்தில் வைத்து ஊசல் சுத்தியலை விடவேண்டும். உடைந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நல்ல எஃகு நார் நாராக, மங்கின சாம்பல் நிறத்தில் கிழிந்திருக்கும். மோசமானது கல்கண்டு மாதிரி மினுமினுக்கும். அந்த மினுமினுப்பைப் பார்த்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

அண்ணே, உங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்டின் ஹைட்ராலிக் எண்ணெய் தனி ரகம்தானே? அதே கதைதான்.

மைத்ரி_மெக்கானிக் | ஞாயிறு, காலை 6:20

பொங்கோலில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேரன் இந்த இழையைக் காட்டினான். தொண்ணூறுகளில் இந்தியாவின் மைத்ரி நிலையத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க ஜெனரேட்டர் பார்த்தவன் நான். இருபத்தைந்து பேர் இருந்தோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மைத்ரி அந்த மைனஸ் 80 ரகம் இல்லை. கடலோரத்திலிருந்து சற்று உள்ளே, ஷிர்மாக்கர் என்ற பாறைத் திட்டில் இருக்கிறது. மைனஸ் 30 வந்தால் "இன்னிக்குக் கொஞ்சம் குளிர்" என்போம். அங்கே எதிரி காற்றுதான். பனிப்புயல் கிளம்பினால் நீட்டிய கை தெரியாது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு கட்டி வைத்திருப்போம். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடை. கயிற்றை விட்டால் இருபதடி தூரத்தில் இருக்கும் கதவுகூடக் கிடைக்காது.

மைத்ரிக்கு முன்னால் இருந்தது தட்சிண கங்கோத்ரி, 1983-84-இல் கட்டியது. பனித்தட்டின் மேலேயே கட்டிவிட்டார்கள். வருடா வருடம் பனி மூடி மூடி, அது கீழே போய்க்கொண்டே இருந்தது. 1990-இல் கைவிட வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தில்தான் 1989-இல் மைத்ரியைப் பாறைமேல் கால் ஊன்றிக் கட்டினார்கள்.

சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகு கட்டிக் குழாயை அடைத்துவிடும். அதனால் விமானத்துக்குப் போடும் எரிபொருள்தான் ஜெனரேட்டருக்கும். ஜெனரேட்டர் நின்றால் என்ன ஆகும் என்று ஒருவரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். தூக்கத்தில்கூட அதன் சத்தம் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் சிறிது மாறினால் போதும், இருபத்தைந்து பேரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். இங்கே மகள் வீட்டில் ஏர்கான் கம்பிரசர் விட்டு விட்டு ஓடுகிறது. முதல் ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

தேக்கா_வாசி | ஞாயிறு, காலை 8:02

ஐயா, சாப்பாடு?

மைத்ரி_மெக்கானிக் | ஞாயிறு, காலை 8:40

அரிசி, பருப்பு, உறைந்த கறி எதற்கும் குறைவில்லை. வெங்காயம்தான் உறைந்து கல்லாகும், உருகினால் கொழகொழ. தோசை மாவு புளிக்கவே புளிக்காது. சமையல் பொறுப்பில் இருந்தவர் மதுரைப் பக்கத்துக்காரர். மூன்று தடவை தோற்றுப்போய், நாலாவது தடவை மாவுச் சட்டியைக் கொண்டுவந்து என் ஜெனரேட்டர் அறையில், சைலன்சரிலிருந்து சரியாக நாலு அடி தள்ளி வைத்தார். காலையில் பொங்கி வழிந்திருந்தது. அன்றைக்கு அவரைத் தோளில் தூக்காத குறை. அதன்பிறகு தினமும் ராத்திரி எஞ்சின் வெப்பநிலையோடு மாவுச் சட்டியையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது என் வேலையாயிற்று.

இன்னொன்று, வறட்சி. எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். கதவுப் பிடி, சக ஆள், தட்டு, கரண்டி எல்லாமே. கை குலுக்குவதையே விட்டுவிட்டோம்.

எங்களுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா. 1961 ஏப்ரல் 30 அன்று லியோனித் ரோகசோவ் என்ற இளம் டாக்டர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தது அங்கேதான். நிலையத்தில் இருந்த ஒரே டாக்டர் அவர்தான், வேறு வழியில்லை. ஒருவர் கண்ணாடியைப் பிடிக்க, இன்னொருவர் கருவிகளை எடுத்துக் கொடுக்க, வயிற்றில் மரப்பு ஊசி மட்டும் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். அங்கே போய் வந்த எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் திரும்பி வந்ததும் தங்கள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

புவி_மாணவி | ஞாயிறு, காலை 11:15

ஐயா, மாவுச் சட்டிக் கதைக்கே உங்களுக்கு விருது கொடுக்கலாம்!

கட்டடம் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். அமுண்ட்சன்-ஸ்காட்டின் இப்போதைய கட்டடம் (2008-இல் திறந்தது) தூண்கள்மேல் நிற்கிறது, நம் வீவக அடுக்குமாடி புளோக்கின் அடியில் தூண்களோடு திறந்து கிடக்கும் வாய்ட் டெக் மாதிரி. கீழே காற்று வேகமாகப் புகுந்து போவதால் பனி சேராமல் அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியும் சேர்ந்தால் கட்டடத்தையே ஜாக்கி வைத்து உயர்த்தலாம். பிரிட்டனின் ஹேலி-6 இன்னும் ஒரு படி மேலே, தூணின் அடியில் பனிச்சறுக்குப் பலகை! பனித்தட்டில் விரிசல் நெருங்கியதும் எட்டு பெட்டிகளையும் கழற்றி, டிராக்டரில் கட்டி 23 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனார்கள். 2017-இலிருந்து குளிர்காலத்தில் அங்கே ஆள் தங்குவதில்லை, கருவிகள் தானாக ஓடுகின்றன. இந்தியாவின் பாரதி நிலையம் 134 கப்பல் கொள்கலன்களை அடுக்கிக் கட்டியது. பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம்.

அப்புறம் தென்துருவத்தில் பனி வருடத்துக்குப் பத்து மீட்டர் நகர்வதால், துருவத்தைக் காட்டும் கம்பை ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் பிடுங்கி மறுபடி நடுகிறார்கள்.

தேக்கா_வாசி | ஞாயிறு, மதியம் 1:30

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கயிறு, தோசை, குடல்வால். ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லையே. இத்தனை பாடு பட்டு என்ன கிடைத்தது? அதுவும் வெயில் ஊரில் இருக்கும் நமக்கு?

ஓய்வு_ஆசிரியை | ஞாயிறு, மதியம் 2:10

ஹேலி பெயர் வந்ததால் அதிலிருந்தே சொல்கிறேன். ஐம்பதுகளிலிருந்து அங்கே ஒரு கருவியை வைத்து, தலைக்கு மேலே ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று வருடா வருடம் குறித்துக்கொண்டே வந்தார்கள். சலிப்பூட்டும் வேலை. எண்பதுகளில் பார்த்தால், வசந்த காலத்து அளவு பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூவர் 1985-இல் அதை வெளியிட்டார்கள். இரண்டே வருடத்தில், ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களை நிறுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம். செயற்கைக்கோள்கள் அப்போதும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தன. முதலில் சொன்னது தரையில் இருந்த பழைய கருவியும் விடாமல் எழுதி வைத்த குறிப்பேடுகளும்.

குளிரறைக்காரன் | ஞாயிறு, மதியம் 2:34

டீச்சர், நில்லுங்கள் நில்லுங்கள். மான்ட்ரியல் ஒப்பந்தம் என்றால் குளிரூட்டும் இயந்திரத்தில் போடும் ஆர்-12 வாயுவை ஒழித்ததே, அதுவா?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பழைய குளிரூட்டும் இயந்திரத்தில் ஆர்-22 இருந்தது. மூத்த டெக்னிஷியன் ஒருவர், "நான் சின்னப் பையனா இருந்தப்ப எல்லாம் பன்னிரண்டுதான், அப்புறம் அதைத் தடை பண்ணிட்டான், இப்ப இருபத்திரண்டையும் நிறுத்தப் போறான்" என்று புலம்புவார். இப்போது எங்களிடம் அம்மோனியா. கசிந்தால் கண் எரியும், அதற்குத் தனிப் பயிற்சி, தனி முகமூடி. யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு போட்ட விதி என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பனிக்குள் ஒரு குடிசையில் எவனோ எழுதி வைத்த கணக்கா அது!

ஓய்வு_ஆசிரியை | ஞாயிறு, மதியம் 2:50

அதேதான் தம்பி. பன்னிரண்டு ஓசோனுக்குப் பெரிய எமன், இருபத்திரண்டு சின்ன எமன்.

புவி_மாணவி | ஞாயிறு, மாலை 4:45

தேக்கா வாசி அண்ணனுக்கு இரண்டாவது பதில், கடல். அண்டார்க்டிகாவில் இருக்கும் பனி முழுதும் உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய 58 மீட்டர் உயரும். முழுதும் உருகப் பல ஆயிரம் வருடங்கள் ஆகும், பயப்படாதீர்கள். ஆனால் ஓரத்தில் கொஞ்சம் கரைந்தாலே நமக்குப் பிரச்சினை. சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு நிலையம் 2024-இல் வெளியிட்ட கணிப்பின்படி, இந்த நூற்றாண்டின் முடிவில் நம் கடல் மட்டம் அதிகபட்சமாக 1.15 மீட்டர் உயரலாம். நம் நிலத்தில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. 2019 தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 100 பில்லியன் வெள்ளி, அதற்கு மேலும்கூட, நூறு வருடத்தில் செலவாகலாம் என்றாரே, அது இதற்குத்தான்.

வகுப்பில் என்னை ஆச்சரியப்படுத்தியது இது. அந்தப் பனி மலைக்கு எடை அதிகம், அதனால் தன் ஈர்ப்பால் சுற்றியிருக்கும் கடல் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. உருகினால் அந்தப் பிடி தளரும். பனிக்குப் பக்கத்தில் கடல் தாழும், தூரத்தில் இருப்பவர்களுக்குச் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். தூரத்தில் இருப்பது யார்? நாம்தான். பந்தியில் கடைசி ஆளுக்குப் பாயசம் குறையும் என்பார்கள், இங்கே கடைசி ஆளுக்குத்தான் நிரம்பி வழியும்.

தேக்கா_வாசி | ஞாயிறு, மாலை 5:20

சரி, ஒத்துக்கொள்கிறேன், பாதி. கடலுக்கும் ஓசோனுக்கும் சரி. பனிக்குள் துளை போட்டு நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிக்கிறார்களாமே, அதுவும் நம் கிழக்குக் கடற்கரையைக் காப்பாற்றவா?

துவாஸ்_பட்டறை | ஞாயிறு, மாலை 5:41

அதை விடுங்க. 86 துளை, ஒவ்வொன்றும் இரண்டரை கிலோமீட்டர் ஆழம், வெந்நீரைப் பீய்ச்சியே போட்டிருக்கிறார்கள். உள்ளே 5,160 உணர்கருவிகள். 2010-இல் முடித்தார்கள். எதற்கென்று எனக்கும் முழுசாகப் புரியாது, அந்த வெந்நீர்த் துளைப்பானை மட்டும் ஒரு தடவை கண்ணால் பார்க்கவேண்டும்.

புவி_மாணவி | ஞாயிறு, மாலை 6:30

அதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசவேண்டிய இன்னொரு துளைப்பு இருக்கிறது. பனியைக் குழாய் குழாயாக, உருளை வடிவில் வெட்டி எடுப்பது. ஒவ்வொரு வருடத்துப் பனியும் விழுந்து இறுகும்போது அந்தக் காலத்துக் காற்றைக் குமிழாகச் சிறைபிடித்து வைத்துக்கொள்கிறது. பிரான்சும் இத்தாலியும் நடத்தும் கான்கார்டியா நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்த பனி எட்டு லட்சம் வருடம் பின்னால் போனது. அந்தக் காலம் முழுக்கக் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதே இல்லை. இப்போது 420-க்கு மேல். 2025 ஜனவரியில் அதே வட்டாரத்தில் 2,800 மீட்டர் துளைத்து அடிப்பாறையைத் தொட்டார்கள். கிடைத்தது பன்னிரண்டு லட்சம் வருடத்துக்கும் மேற்பட்ட பனி.

குளிரறைக்காரன் | ஞாயிறு, மாலை 6:52

வெட்டி எடுத்த பனியை எங்கே வைப்பார்கள்?

புவி_மாணவி | ஞாயிறு, மாலை 7:04

குளிரறையில்தான் அண்ணே :) அமெரிக்காவின் கிடங்கு டென்வருக்குப் பக்கத்தில், மைனஸ் 36. வெள்ளி நிறக் குழாய்களில் போட்டு, அலமாரி அலமாரியாக. கனடாவில் 2017-இல் ஒரு விபத்து. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் உறைபனி அறையில் குளிரூட்டி நின்று போய், அறையே சூடேறி, ஆர்க்டிக் பனி உருளைகளில் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்ட உருகிவிட்டது. எச்சரிக்கையும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஆயிரக்கணக்கான வருடத்துப் பனி, தரையில் தண்ணீராக.

குளிரறைக்காரன் | ஞாயிறு, இரவு 8:15

இதைப் படித்துவிட்டுச் சாப்பாடு இறங்கவில்லை.

முன்பு நான் இருந்த ஒரு கிடங்கில் இதே நடந்தது. விடிகாலை மூன்று மணி, கம்பிரசர் விழுந்துவிட்டது. அலாரம் அடித்தது, ஆனால் அது அழைத்த கைப்பேசி எண் வேலையை விட்டுப் போன ஒருவருடையது. யாரும் மாற்றவில்லை. ஆறரைக்கு நான் கதவைத் திறந்தபோது முகத்தில் அறையவேண்டிய குளிர் அறையவில்லை. அந்த ஒரு நொடியிலேயே தெரிந்துவிட்டது. மேல் தட்டில் இருந்த இறால் பெட்டிகளின் ஓரம் ஈரமாகி, அட்டை கையோடு வந்தது. திரும்பக் குளிரவைத்தோம், எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக இறுகிக்கொண்டது. தூக்கித்தான் போட்டோம். இரண்டு நாள் நாற்றம். அது இறால். அடுத்த கப்பலில் வேறு இறால் வரும். அந்தக் கனடாக்காரன் கதவைத் திறந்தபோது எப்படி இருந்திருக்கும்?

மைத்ரி_மெக்கானிக் | ஞாயிறு, இரவு 8:37

தம்பி, கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களைக் குளிர்காலக் குழுவில் எடுத்துக்கொள்வேன்.

தேக்கா_வாசி | ஞாயிறு, இரவு 9:10

எனக்கு ஒரு சந்தேகம். ஒரு வருடம் அடைந்து கிடந்தால் மூளை குழம்பாதா?

ஓய்வு_ஆசிரியை | ஞாயிறு, இரவு 9:33

குழம்புவது என்ன, சுருங்கவே செய்கிறது. ஜெர்மனியின் நாய்மாயர்-3 நிலையத்தில் பதினான்கு மாதம் இருந்த ஒன்பது பேரைச் சோதித்த ஆய்வு 2019-இல் வந்தது. ஞாபகத்துக்கு உதவும் மூளைப் பகுதியில் ஒரு சிறு பாகம் சராசரியாக ஏழு விழுக்காடு சுருங்கியிருந்தது. அதே முகங்கள், அதே சுவர்கள். அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வு, பிரிட்டிஷ் நிலையம் ஒன்றில் குளிர்காலத்தைக் கழித்த பதினொரு பேரின் உச்சரிப்பு லேசாக ஒன்றுபோல் மாறத் தொடங்கியதைக் காட்டியது. நம்மவர்களைப் போட்டால் தஞ்சாவூர், யாழ்ப்பாணம், தேக்கா மூன்றும் கலந்து என்ன தமிழ் வருமோ!

குளிரறைக்காரன் | திங்கள், அதிகாலை 2:17

இரவு வேலையில் இருக்கிறேன். மகன் ஒப்படைப்பின் தலைப்பை மாற்றிவிட்டான். நிலையங்களை விட்டுவிட்டு, வெட்டி எடுத்த பனியைச் சேமிக்கும் குளிரறைகளைப் பற்றி எழுதப் போகிறானாம். என்னைப் பேட்டி எடுக்கணுமாம். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக என் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கிறான். என்ன உடுப்புப் போட்டுக்கொண்டு உட்காருவது என்று தெரியவில்லை.

வந்ததும் முதல் வேலையாக அலாரம் யார் யாரை அழைக்கிறது என்று பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆறு எண்கள். ஒன்று வேலையை விட்டுப் போன ஆளுடையது. மாற்றிவிட்டு, இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். இரண்டாவது தடவை மேலாளர் தூக்கத்தில் திட்டினார்.

மைத்ரி ஐயா, அந்த மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் எத்தனை டிகிரி இருக்கும்? மகன் கேட்கச் சொன்னான்.

மைத்ரி_மெக்கானிக் | திங்கள், காலை 6:05

இருபத்தெட்டு, முப்பது. பொங்கோலில் மகள் சமையலறை மாதிரியே.